ஸ்டெல்லாவின் காரும் சுழலாத சக்கரமும்

நேற்று ஓசூர் சிக்னலில் பக்கத்து லாரியிலிருந்து பிரேக் கருகும் வாடை வந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு.

ஸ்டெல்லாவும் நானும் ஓசூரில் ஒரே கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தோம். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும், இறந்துபோன அவளுடைய அப்பாவின் காரில்தான் போவோம். பின்சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை. அது என்னவென்றே தெரியாமல் நானும் நாலு பேரிடம் பீற்றிக்கொள்வேன்.

ஒரு மழைக்காலத்தில் கார் முக்க ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் இடது பின்சக்கரம் கொதிக்கும், கருகல் வாடை வேறு. மெக்கானிக், கன்னடம் கலந்த தமிழில் ஆறுதல் சொல்லி பிரேக் பேட் மாற்றிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் மறுபடியும் அதே வாடை. ஸ்டெல்லாவின் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார், விற்றுவிடலாம் என்றார். அன்று வேலைக்குப் போகும் வழியில், சூளகிரி தாண்டியதும் ஸ்டெல்லா சொன்னாள்.

"எனக்கு ஓட்டக் கத்துக்குடுக்கறப்ப இந்த சீட்ட முன்னால தள்ளி வெச்சது அப்பாதான்டி. அதுக்கப்புறம் யாரும் பின்னால தள்ளல."

சனிக்கிழமை காலை, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றினோம். வலது சக்கரம் கையால் சுற்றச் சுற்றியது. இடது அசையவில்லை. கைப்பிரேக் கேபிளைக் கழற்றிவிட்டும் அப்படியே இருந்தது. அப்படியானால் கேபிள்மேல் பழியில்லை. பேட்களை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றினாள். உள்பக்க பேட் பாதி தேய்ந்திருந்தது, வெளிப்பக்கத்தது அப்படியே புதுசு.

"காலிப்பரு இந்தப் பின்னு மேல நவுரணும். துருப்புடிச்சு நவுர வுடல, பாரு" என்றாள். பின்னை மூடும் ரப்பர் உறை கிழிந்து மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. கம்பெனியில் நாள் முழுக்க அடுத்தவர் பாகங்களில் குறை கண்டுபிடிக்கிற எங்களுக்கு, இது தெரிய இத்தனை நாளாகியிருக்கிறது.

உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, பிரேக்குக்கான கிரீஸ் தடவி, புது உறை மாட்டினாள். என் பங்குக்கு, போல்ட்டுகளை டிபன் பாக்ஸ் மூடியில் பத்திரப்படுத்தி அதில் ஒன்றைத் தொலைத்தேன். கால் மணி நேரம் தேடினோம்; என் துப்பட்டாவில்தான் மாட்டியிருந்தது.

சாயங்காலம் பாரூர் ஏரிவரை ஓட்டிப் பார்த்தோம். அண்ணனும் வந்தார். ஏரிக்கரையில் இறங்கி, சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து, கையை வைத்தார். எடுக்கவில்லை. வெதுவெதுப்புதான்.

"நாளைக்கு அவர வர வேணாம்னு சொல்லிடறேன்" என்றார்.

அதற்குப்பின் பல வருஷம் ஓடியது அந்தக் கார். இப்போது என் காரில் கோளாறென்றால் திரையில் எழுத்து வருகிறது. சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு ஏசியில் காபி குடிக்கிறேன். சௌகரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஸ்டெல்லா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனபோது அவளே அந்தக் காரை விற்றாள். வாங்கியவரிடம், மழை முடிந்ததும் அந்தப் பின்னை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் பார்த்தாரோ என்னவோ. இந்தச் சாலையில் அந்தக் காரை அப்புறம் நான் பார்க்கவேயில்லை.