கேள்வி கேட்டவள் நான்

பாண்டிச்சேரிக் கடையின் கண்ணாடி மேசைமேல் மூன்று விளையாட்டுகளை எடுத்து வைத்தார்கள். ஒன்று, செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம். கூடவே எட்டுப் பக்கம், இருபது பக்கம் என்று கண்ணைப் பறிக்கும் பகடைகள். ஒன்று, பெரிய பெட்டி. உள்ளே சிப்பாய் பொம்மைகளும் மடித்த வரைபடமும். மூன்றாவது, ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்த எட்டுத் தாள்; ஒரு பிளாஸ்டிக் உறையில் சாதாரணப் பகடை இரண்டு. என் கை செங்கல்மேல்தான் போனது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மா, அது பூரா படிக்கணும். படிப்பீங்களா?" என்றார். "படிக்கத் தெரியாமதான் இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்தனா?" என்றேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருஷம் உப்பு வாரினேன். ஒரு நாள்கூடக் கைநாட்டு வைத்ததில்லை. அந்த இடத்தில் யாராவது கை வைத்தால் எனக்குப் பொறுக்காது.

என்னைக் கூட்டிப்போயிருந்தவள் கிளியனூர்ப் பெண். ஆரோவில்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்தாள். கடல் ஏறி வந்து எங்கள் குடிசைகளை வாரிக்கொண்டு போன பிறகு, அரசாங்கம் போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகைகளுக்கு வாரம் இரண்டு தடவை வந்து பெண்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். அன்றைக்கு என் மானம் போகாமல் காப்பாற்றியதும் அவள்தான். "உங்களுக்குப் படிக்க வரும் அத்தை, யாரு இல்லன்னாங்க? ஆனா இதுக்கு அஞ்சு பேரு வேணும். நம்ப வூட்டுல ரெண்டே பேருதானே?" என்றாள்.

ஆமாம், ரெண்டே பேர். நானும் என் நாத்தனாரும்.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. புருஷனைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். எனக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பையன் எங்கள் இரண்டு பேர் மடியிலும் மாறி மாறி வளர்ந்தான். முறைக்கு நான் அத்தை, ஆனால் பெரிம்மா என்றுதான் கூப்பிடுவான். என் வீட்டுக்காரரும் போன பிறகு நாங்கள் மூன்று பேர் என்று ஆயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனான். இருபத்திரண்டு வயசு. அவனும் கிடைக்கவில்லை, கூடையும் கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காத பிள்ளைக்குக் கருமாதி செய்ய நாத்தனார் விடவில்லை. தினமும் அவனுக்கு ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைப்பாள். தான் சாப்பிட மாட்டாள், பேச மாட்டாள். உப்புப் பாத்தியெல்லாம் சேறு மூடிக் கிடந்ததால் வேலையும் இல்லை. மாசி போய்ப் பங்குனி வந்தது. கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. இப்படியே போனால் ஆடி வரைக்கும் தாங்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளைப் பேச வைக்க ஒரு வழி இருக்கிறது என்று கிளியனூர்ப் பெண் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் வெள்ளைக்காரர்களும் ஆடுகிற ஆட்டமாம். கூத்தில் வேஷம் கட்டுகிற மாதிரிதான், ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே. ஒருத்தர் கதை சொல்வார். இன்னொருத்தர் அந்தக் கதைக்குள் ஓர் ஆளாகிப் பேசுவார். ஆபத்தான காரியம் வந்தால் பகடை உருட்ட வேண்டும்; ஏழும் அதற்கு மேலும் விழுந்தால் ஜெயம். அவ்வளவுதான் சட்டம். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். உப்பு வாருகிற பலகைக்குப் பிடி தேடும்போது அழகைப் பார்க்க மாட்டோம், நம் தோளுக்கு ஒத்து வருமா என்றுதான் பார்ப்போம். அந்த எட்டுத் தாள்தான் எங்களுக்கு ஒத்து வந்தது. யாரோ தமிழில் எழுதி, முதல் கதையையும் அதிலேயே எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு பேர் போதும். விலையும் ஒரு நாள் கூலிக்குள் அடங்கியது. பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பெண் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்: "யாராவது போதும்னு சொன்னா அங்கியே நிறுத்திடணும் அத்தை. கேள்வி கேக்கக் கூடாது."

மறுநாள் மத்தியானம் கொட்டகை வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். உள்ளே தகரம் காய்ந்து அடுப்பு மாதிரி இருக்கும். எல்லாரும் வாசலில்தான் கிடப்போம். கதைக்குள் வருகிற ஆளுக்கு எது கைவரும், எதற்குப் பயப்படுவான், கையில் என்ன வைத்திருக்கிறான் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். நான் கேட்டேன். மூன்று மாசத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்: "நல்லா நீஞ்சுவான். அம்மா கத்தினா பயப்படுவான். கையில ஒயர் கூடை."

அப்போதே நான் பகடையைக் கட்டி உள்ளே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அவள் பேசிவிட்டாள் என்கிற ஒன்றே எனக்குப் பெரிதாக இருந்தது. "நீ யாரு? எங்க நிக்கிற?" என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் அப்படிக் கேட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று தாளில் இருந்தது. "நாந்தான் பெரிம்மா," என்றாள் நாத்தனார், அவன் என்னைக் கூப்பிடுகிற அதே இழுப்போடு. "தண்ணி வடிஞ்சிருச்சி. ஒரு மேட்டுல நிக்கிறேன்." அன்றைக்குச் சாயங்காலம் மூடி வைத்த தட்டைத் திறந்து பாதிச் சோறு தின்றாள்.

ஐந்தாறு நாள் அப்படி ஓடியது. அவன் மேட்டிலிருந்து இறங்கினான், உடைந்த படகு ஒன்றைக் கண்டுபிடித்தான், கழியை ஊன்றிக்கொண்டு எங்கள் ஊர்க் கால்வாய்க்குள் வந்துகொண்டிருந்தான். எட்டு விழும், ஒன்பது விழும். அவள் முகத்தில் ரத்தம் ஊறிற்று. நாங்கள் ஆடுவதைக் கொட்டகைச் சனம் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் மேல் செத்தவர் ஆவி இறங்கினால், எதிரே உட்கார்ந்தவர் கேட்கிற முதல் கேள்வி என்ன? "யாரு வந்திருக்க? எங்கேர்ந்து வந்த?" என்பதுதானே. தாய் மகன் குரலில் பேசுகிறாள். எதிரே ஒருத்தி கேள்வி கேட்கிறாள். நடுவில் சோழி மாதிரி ஏதோ உருள்கிறது. இதைப் பார்த்தவர்கள் விளையாட்டு என்றா நினைப்பார்கள்?

முதலில் ஒருத்தி தட்டில் கற்பூரம் கொண்டுவந்தாள். அடுத்த நாள் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். பக்கத்துக் கொட்டகைக்காரி என் காலைத் தொட வந்தாள். வலை இழுக்கக் கரைக்குப் போன அவள் புருஷனும் கிடைக்கவில்லை, தாலியோடு காத்திருந்தாள். அதற்கு முன்னால் தண்ணீர்க் குடத்துக்கு வரிசையில் நிற்கும்போது, "ரெண்டெழுத்து தெரிஞ்ச மகாராணி வர்றா, வழி வுடுங்கடி" என்று என்னைக் கேலி பேசுகிறவள். அவள் இப்போது, "அக்கா, நீங்க கேட்டாத்தான் பதில் வருதாம், கேட்டுச் சொல்லுங்க" என்று நின்றாள். இது வெறும் ஆட்டம், பாண்டிச்சேரிக் கடையில் வாங்கினது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தத் தாளை எடுத்துக் காட்டியிருக்கலாம். நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அதுதான் நிஜம்.

"எங்க வூட்டுக்காரரு அவன்கூட இருக்காரா? எப்ப வருவாங்க? கேளுங்கக்கா," என்றாள்.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். அது அவன் பார்வை இல்லை, அவளுடைய பார்வை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "போதும் அண்ணி" என்றாள்.

எனக்குக் கேட்டது. அத்தனை பேர் கண்ணும் என் மேல் இருந்தது. "உருட்டு," என்றேன்.

அவள் உருட்டினாள். ஆறும் நாலும். பத்து. சட்டப்படி ஜெயம், அவன் கரையேறி வரலாம், கூட இன்னொருத்தரையும் கூட்டி வரலாம். ஏழுக்கு மேலே என்றால் நல்லது என்பதை இந்த ஐந்தாறு நாளில் சனமும் தெரிந்துவைத்திருந்தது. "பத்து, பத்து" என்று ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள். நாத்தனார் அந்தப் பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருவோம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கொட்டகை வரிசை முழுக்க இன்னும் பத்து வருஷம் கரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அது அவளுக்குப் புரிந்தது. கேள்வி கேட்ட எனக்கு அதுவரைக்கும் புரியவில்லை.

"நாங்க யாரும் வர மாட்டோம் பெரிம்மா," என்றாள், அவன் குரலில். "அன்னிக்கே எல்லாம் முடிஞ்சிருச்சி. காத்திருக்க வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க. எனக்குச் செய்ய வேண்டியதை எங்கம்மாவைச் செய்யச் சொல்லுங்க."

அப்புறம் எழுந்த அழுகையை எழுத எனக்கு எழுத்துப் போதாது. அடுத்த வாரம் கால்வாய்க் கரையில் ஏழு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கருமாதி செய்தார்கள். உடம்புக்குப் பதிலாக அவன் அளவுக்கு ஒரு சட்டையைப் பலகைமேல் மடித்து வைத்து, அதற்கு நாத்தனார் எண்ணெய் வைத்தாள். பக்கத்துக் கொட்டகைக்காரி தாலியைக் கழற்றினாள். கிளியனூர்ப் பெண் வந்து, நாத்தனார் சாப்பிடுகிறாள், குழாயடியில் நாலு பேரிடம் பேசுகிறாள் என்று பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "ஆட்டம் நல்லா வேலை செஞ்சுதா அத்தை?" என்றாள். "ம்," என்றேன்.

மறு வருஷம் பாத்திகளைச் சீர்செய்து உப்பு வார ஆரம்பித்தோம். ஒரே வரப்பில் நடந்தோம், ஒரே சட்டியில் சாப்பிட்டோம். அன்றைக்கு அப்புறம் சாகும்வரைக்கும் அவள் என்னை அண்ணி என்று கூப்பிடவில்லை. அமாவாசைக்கு யாராவது தேடி வந்து அவளைக் குறி கேட்டால், உப்பு படிந்த கையால் என்னைக் காட்டி, "அவங்களக் கேளுங்க. கேள்வி கேட்டது அவங்கதான்" என்பாள். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டாள். நான் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. அவள் பாடையில் கிடந்தபோதும், சாமி வந்த உடம்பு என்று சொல்லி அவள் காலைத் தொட்டார்கள். அப்போதும் நான் ஓரமாகத்தான் நின்றேன்.

போன மாசம் பழைய பக்கத்துக் கொட்டகைக்காரி என்னைப் பார்க்க வந்தாள். அவளுக்கும் பல் போய்விட்டது. நாத்தனாரை நினைத்து, "அன்னிக்கு அவ மட்டும் சொல்லலன்னா நான் பைத்தியமாயிருப்பேன்" என்று ஆரம்பித்தாள். இனிமேல் யாரிடம் எந்தக் கௌரவத்தைக் காப்பாற்றப் போகிறேன்? சொல்லிவிட்டேன். பாண்டிச்சேரிக் கடை, எட்டுத் தாள், பகடையில் விழுந்த பத்து, அவள் போதும் என்று சொன்னது, நான் உருட்டு என்று சொன்னது, எல்லாவற்றையும்.

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

"வெளையாட்டுன்னு சொல்றியேக்கா," என்றாள். "அப்ப நான் கழட்டினது?"