சைக்கிளில் சுழன்ற ஃபான்

விடுமுறை நாட்களில் நானும் என் தோழியும் தொடர்மாடிகளுக்குப் போய், வீட்டில் மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்து வந்தோம். இருவரும் விஞ்ஞான ஆசிரியைகள். முதலில் படங்களைக் காட்டி விளக்கினோம். ஆட்கள் கொட்டாவி விட்டார்கள். பிறகுதான் மருதானையில் ஒரு வேலைத்தலத்தில் சொல்லி, பெடலை உழக்கினால் மின்சாரம் தரும் சைக்கிள் ஒன்றைச் செய்வித்தோம். அது நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஒரு ஞாயிறு காலை அதைக் கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் இறக்கினோம். பழைய மஞ்சள் பல்பை எரியவைக்க மூச்சு வாங்கியவர்கள், எல்ஈடி பல்பைக் கதைத்துக்கொண்டே எரியவைத்தார்கள். அப்போது நடுத்தர வயதுப் பெண் ஒருவர் எழுந்தார்.

"மிஸ், இதில ஃபான் சுத்துமா?"

"ஓம், சுத்தும்."

"அப்ப இவரை ஏத்துங்கோ," என்று பக்கத்திலிருந்த கணவரைக் காட்டினார். "சமைக்கேக்க குசினியில நான் ஃபானைப் போட்டாப் போதும், ஓடி வந்து நிப்பாட்டுவார். பில் அதாலதான் ஏறுதாம்."

"நீர் சும்மா இரும்," என்றபடியே அவர் ஏறினார். ஞாயிற்றுக்கிழமையிலும் மடிப்புக் கலையாத சேர்ட். உழக்கியதும் மேசை ஃபான் விர்ரென்று சுழன்றது. அவருக்கு வியர்க்கக்கூட இல்லை.

"இப்ப அயர்னைப் போடுங்கோ, மிஸ். இவர் ஒவ்வொரு நாளும் காலமை அயர்னைச் சூடாக்கி ஒரு சேர்ட்டை மட்டும் அயர்ன் பண்ணுறவர்."

தோழி அயர்னை மாட்டினாள். பெடல் சட்டென்று கனத்தது. அவர் எழுந்து நின்று முழு உடம்பாலும் மிதித்தார். நான் அயர்னைத் தொட்டுப் பார்த்தேன். பச்சைத்தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. கூட்டம் சிரித்தது. அவர் இறங்கிப் படியேறிப் போய்விட்டார்.

மனைவியின் முகம் வாடிவிட்டது. "நான் பகிடிக்குத்தான் சொன்னனான், மிஸ்."

எனக்கும் சங்கடமாக இருந்தது. வயர்களைச் சுற்றத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் கீழே வந்தார். கையில் அவருடைய வீட்டு அயர்ன்.

"உங்கடது பழுதாயிருக்கும். இதைப் போட்டுப் பாருங்கோ."

போட்டோம். திரும்பவும் ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். இம்முறை இறங்கித் தானே தொட்டுப் பார்த்தார்; அதுவும் குளிர்ந்தே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அயர்னைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மிஸ், ஒரு கிழமைக்குத் தேவையான சேர்ட்டெல்லாத்தையும் ஒரே நாளில அயர்ன் பண்ணினா குறையுமா?"

"ஓம். ஒவ்வொரு நாளும் புதுசாச் சூடாக்கத் தேவையில்லையே."

அவர் மனைவியிடம் திரும்பினார். "ஃபானைப் போடும். இனி நான் நிப்பாட்ட மாட்டன்."

"கேட்டீங்கள்தானே, மிஸ்? நீங்கள்தான் சாட்சி," என்றார் மனைவி. அந்தக் குசினியில் எத்தனை வருட வெக்கையோ என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் வெள்ளவத்தையில் சைக்கிளை இறக்கியபோது இருவரும் பஸ் ஏறி வந்திருந்தார்கள். தான் உழக்க வேண்டும் என்று வரிசையில் முன்னுக்கு நின்றது மனைவி. கணவர் அவருடைய கைப்பையை வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.