அம்மாவின் கல்யாண கவுன்

என் கல்யாணத்துக்கு அம்மாவின் கவுனைத்தான் போடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். தொண்ணூறுகளில் எங்கள் மாதா கோயில் பங்கில் யாரும் கவுன் பக்கமே போகவில்லை. அம்மா காலத்தில் தொண்டைவரை மூடிய லேஸ் காலர், மணிக்கட்டுவரை கை, முதுகில் வரிசையாகப் பட்டன். அப்புறம் பளபள சாட்டின், உப்பிய கை. அதுவும் போய், தி.நகரில் எடுத்த வெள்ளைப் பட்டுப்புடவை, தலையில் நெட், பிளாஸ்டிக் பூக் கிரீடம் என்று ஆகிவிட்டது. அந்தக் கிரீடத்தைக் கண்டாலே எனக்குச் சிரிப்பு வரும்.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மாமியாராகப் போகிறவர் வந்தார். கவுனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் கல்யாண போட்டோவையே பார்த்தார். அதில் தாலி லேஸ் காலருக்கு மேலே கிடக்கும். அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார்.

"தாலி உடம்புல படணும்மா. துணிமேல கெடந்தா இப்படித்தான் ஆவும்" என்றார், காபியோடு அம்மா நிற்கும்போதே.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அம்மா கண்ணாலேயே என்னை அடக்கினாள். கடைசியில், தாலி கட்டும்போது காலரைத் திறந்துவிடுவது என்று பேசி முடித்தோம். மாறினால் கல்யாணமே நிற்கும் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் படி இறங்கினார்.

கல்யாணத்தன்று காலை, காலர் பட்டன்கள் பிய்ந்துவிட்டன. வாசலில் கார் ஹாரன் அடிக்கிறது. பதற்றத்தில் சித்தி ஊசியை எடுத்துக் காலரைச் சேர்த்துத் தைத்தேவிட்டாள். பேசி வைத்தது அவளுக்குத் தெரியாது. எனக்கோ அந்த நேரத்தில் மண்டையில் ஒன்றுமே இல்லை.

கோயிலில் பங்குச் சாமியார் தாலியை மந்திரித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். அவர் என் பிடரியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, தைத்திருக்கிறது என்று கிசுகிசுத்தார். பரவாயில்லை, மேலேயே கட்டுங்கள் என்றார் சாமியார். முன் பெஞ்சிலிருந்து மாமியார் எழுந்து, கூடாது என்று தலையாட்டினார். பாட்டு நின்றுபோயிற்று. மாமியார் தன் அக்காவிடம் தையலைப் பிரிக்கச் சொன்னார், சுமங்கலியாம். அந்த அம்மாள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சித்தி தைத்த தையல், அசைவேனா என்றது.

திரும்பிப் பார்த்தேன். அம்மா கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால். அப்பா போனதிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் அவளுக்கு அதுதான் இடம். யார் வைத்த சட்டமோ, நாசமாய்ப் போக.

"அம்மா, நீ வா" என்றேன். கோயில் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன்.

தயங்கினாள். பிறகு வந்தாள். மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நெட்டைத் தூக்கி, குனிந்து, என் பிடரியில் வாயை வைத்து நூலைப் பல்லால் கடித்தாள். காலர் விட்டது.

"கட்டுங்க தம்பி" என்றாள்.

மூன்று முடிச்சும் விழும்வரை காலரை விரித்துப் பிடித்தபடி நின்றாள். முடிந்ததும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பப் போனாள். நான் அவள் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பூசை முடியும்வரை விடவே இல்லை.