வசந்தாவின் தொப்பிக்கு எடுத்த நூல்

மாரெட்பள்ளியில் எங்கள் எதிர்வீட்டு வசந்தாவுக்குப் புற்றுநோய் சிகிச்சையில் முடி முழுவதும் கொட்டிவிட்டது. குரோஷா தொப்பி பின்னித் தருவதாகச் சொன்னேன். எதையும் அளவும் நம்பரும் பார்த்தே செய்பவள் நான். டேப்பின் நுனியைப் பிடித்துத் தலையை அளந்து, பளபளப்பான இருபதாம் நம்பர் மெல்லிய நூலில் பூப்பூவாக ஒன்பது நாளில் முடித்தேன்.

போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தாள். ஒவ்வொரு பூவின் இடைவெளியிலும் வழுக்கை தெரிந்தது.

"நல்லா இருக்குக்கா" என்று கழற்றினாள். அந்த முறுக்கேறிய நூல் நெற்றியில் சிவப்பாகக் கோடிட்டிருந்தது.

"பொய் நக்கோ வசந்தா, உண்மையைச் சொல்லு."

"சரி, கொசுவலை மாதிரி இருக்கு" என்று சிரித்தவள், சட்டென்று கேட்டாள். "அளவு எடுத்தப்பகூட நீங்க என் தலையத் தொடலையே, பயமாக்கா?"

பயம்தான். அவளே என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். பச்சைக் குழந்தையின் உச்சந்தலைபோல இளஞ்சூடாக இருந்தது.

மறுநாள் கடையில் நம்பரைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நூல்கண்டையும் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பளபளப்பில்லாத தடித்த பருத்தி நூலை எடுத்தேன். நெருக்கமாகப் பின்னினேன்.

அந்தத் தொப்பியை அவள் கையில் கொடுக்கவில்லை. நானே போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் காதுவரை இழுத்துவிட்டேன். அவள் கண்களை மூடிக்கொண்டாள். கைகளை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.