ஆதாரமாகப் போன நீலச் சட்டை

முதலில் மன்னிப்பு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், மோட்டார் கடையில் வேலை பார்க்கிறவன், நாலு பேர் நிற்கும் இடத்தில் இருமுவதற்குக்கூட யோசிக்கிறவன்... இப்படி ஒருவன் வாரா வாரம் பத்தி எழுதுவதே அதிகம். இந்த வாரம் சோப்புத்தூளைப் பற்றி வேறு எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். போன திங்கட்கிழமை என்னைப் பொறுத்துக்கொண்டவர்களைவிட உங்களுக்குச் சிரமம் குறைவுதான்.

எங்கள் வீடு அரியலூரில். வாசலை ஒட்டி ரோடு. விடிந்ததிலிருந்து சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். பல லாரிகளில் தார்ப்பாய் இருக்காது. அவை போன பிறகு தெருவே பவுடர் பூசிக்கொண்டு நிற்கும்.

என் மனைவி செல்விக்கு மூச்சிரைப்பு. லாரிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்த ஓடுவாள். ஓடுவதால் இன்னும் கொஞ்சம் இரைக்கும். ஒரு நாளைக்கு எத்தனை லாரி, எத்தனை ஓட்டம்?

இதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வெள்ளையாக எது தெரிந்தாலும் ‘சிமெண்ட்’ என்போம். வேப்பிலையில் படிந்தது சிமெண்ட், சரி, நியாயம். பைக் சீட்டில் படிந்தது சிமெண்ட், அதுவும் நியாயம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர் முப்பத்தைந்து வயதில் தலை நரைத்ததற்கும் லாரியைத்தான் திட்டுகிறார்.

என் கடை பெரம்பலூரில். யூனிஃபார்ம் கருநீலச் சட்டை. நாலைந்து மாதமாக அதில் வெள்ளைத் திட்டுகள். காலர் மடிப்பில், பாக்கெட் ஓரத்தில், கைமடிப்பில். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். சட்டையைப் பார்த்துவிட்டு, “அரியலூருங்களா?” என்பார்.

எங்கள் முதலாளி லப்பைக்குடிக்காட்டுக்காரர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேட்டார்: “என்னங்க, ஊரையே தோள்ல சுமந்துக்கிட்டு வர்றீங்க? கொஞ்சம் அங்கயே உதறிட்டு வரக் கூடாதா?”

சிரித்து வைத்தேன். எனக்குப் பதில் எப்போதும் பஸ் ஏறிய பிறகுதான் தோன்றும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் துணி துவைப்பது நான். சோப்புத்தூள் வாசனை பட்டாலே செல்விக்கு இழுப்பு வந்துவிடும். வாஷிங் மிஷின் பின்கட்டில் இருக்கிறது. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு துவைப்பேன், கள்ளநோட்டு அடிக்கிறவன் மாதிரி. காயப்போடுவது மட்டும் செல்வி. ஊர் பார்ப்பது அதைத்தானே?

தூள் எவ்வளவு போடுவது? யாரைக் கேட்பது? கேட்டால் தெரிந்துவிடுமே! இரண்டு கை அள்ளிப் போட்டேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. நுரை சுலபத்தில் வராது. அதற்காக அரைக் கை. மறுநாள் சட்டையில் திட்டு. அட, தூசு அதிகமாகிவிட்டது போல என்று இன்னும் அரைக் கை. அதற்கடுத்த நாள் திட்டு பெரிதானது. லாரிகளைத் திட்டிவிட்டு இன்னும் அரைக் கை...

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி டீச்சர் மனு எழுதினார். வரதராஜன்பேட்டையில் பிறந்தவர். ரிட்டையர் ஆன பிறகு எங்கள் தெருவை வகுப்பாக நடத்துகிறார். லாரிகள் தார்ப்பாய் போட வேண்டும், ரோட்டில் தண்ணீர் தெளிக்க வேண்டும். இவ்வளவுதான் மனு. முதல் கையெழுத்து டீச்சர், இரண்டாவது செல்வி. போட்டுவிட்டு, “இனிமே ஜன்னலத் தொறந்து வச்சுக்கிட்டுத் தூங்கலாம்ல டீச்சர்?” என்று கேட்டாள்.

“பேப்பர மட்டும் நீட்டுனா வாங்கி ஃபைல் கட்டுல வச்சிருவாங்கம்மா. பாத்ததும் பகீர்னு இருக்கணும்,” என்ற டீச்சரின் கண், கொடியில் தொங்கிய என் சட்டையில் போய் நின்றது. “செல்வி, இது துவைச்சதா, துவைக்காததா?”

“துவைச்சதுதான் டீச்சர்.”

“துவைச்சே இப்படியா! இதவிட என்ன ஆதாரம் வேணும்? தம்பி, திங்கக்கெழம லீவு போட்டுட்டு சட்டையோட வாங்க.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் சட்டையை ஒருவர் கவனித்துப் பாராட்டுவது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். நீள வரிசையில் டீச்சரும் நானும். எங்கள் முறை வந்தது. மனு வாங்கியவர் ஒரு பெண் அதிகாரி. டீச்சர் தெளிவாகப் பேசினார். கடைசியில், “காட்டுங்க தம்பி,” என்றார். சட்டையை விரித்துப் பிடித்தேன். முகத்தை மறைத்துக்கொள்ளவும் அது வசதியாக இருந்தது.

அதிகாரி எழுந்து வந்தார். திட்டை நகத்தால் சுரண்டினார். மேசையில் கேன் தண்ணீர் டம்ளரில் இருந்தது. இரண்டு சொட்டு விட்டு விரலால் தேய்த்தார்.

நுரை வந்தது.

உப்புத் தண்ணீரில் மாதக்கணக்காக வராத நுரை, நல்ல தண்ணீரைக் கண்டதும் பொங்கிக்கொண்டு வந்தது. அதிகாரி முகர்ந்து பார்த்தார்.

“ஏன் டீச்சர், லாரியில எலுமிச்சம்பழமும் ஏத்துறாங்களா?”

வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெரிய மீசைக்காரர், “துணி அலசத் தெரியாததுக்கெல்லாமா மனு குடுப்பாங்க?” என்றார். ஹாலே சிரித்தது. டீச்சர் முகம் சிவந்துவிட்டது. என் காதருகில், “பாவம், செல்விக்குத் துவைக்க வராதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

அதிகாரி மனுவை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோப்பு பொய். தூசு பொய்யில்லை. இந்தச் சிரிப்போடு மனு போய்விட்டால், ஜன்னலைச் சாத்த ஓடுகிறவள் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். போதாததற்குத் துவைக்கத் தெரியாதவள் என்ற பேர் வேறு.

“மேடம்...” குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம். “சட்டைய நான்தாங்க துவைச்சேன். எங்க வூட்ல அவங்களுக்கு மூச்சிரைப்பு. தூள் வாசன ஆகாது. சோப்பு என் தப்புங்க. தூசு நெசங்க. அவங்க படுற பாடும் நெசங்க.”

சிரிப்பு நின்றது.

அதிகாரி உட்கார்ந்தார். “எத்தன ஸ்பூன் போடுறீங்க சார்?”

“ஸ்பூன் இல்லைங்க. கை.”

“எத்தன கை?”

“மூணு... மூணர இருக்குங்க.”

“மூணரையா! அதுல ஒரு தெருவையே துவைக்கலாமே! உப்புத் தண்ணியில தூள் சரியா கரையாது சார், அப்படியே துணியில உக்காந்துரும். ஒரே ஒரு ஸ்பூன். அதையும் வெந்நியில கரைச்சுட்டு ஊத்துங்க.”

மீசைக்காரர் முன்னால் வந்துவிட்டார். “டிரம்முல துணிய அடைச்சுத் திணிக்காதீங்க. தண்ணி பூந்து வெளிய வர எடம் வேணாமா? எங்க வூட்ல பாதிக்கு மேல நான் போடவே மா...” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வாசலில் நின்ற போலீஸ்காரர் தொண்டையைச் செருமினார். “கடேசில இன்னொரு தடவ அலசணுங்க. சட்டைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டா இன்னும் நல்லது.”

அவருடைய காக்கிச் சட்டையைப் பார்த்தேன். ஒரு திட்டு இல்லை!

அடடா... தாழ் போட்ட கதவுகளுக்குப் பின்னால் இந்த மாவட்டத்தில் எத்தனை ஆண்கள் தனித்தனியாகத் துவைத்துக்கொண்டிருக்கிறோம்! ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டிருந்தால் இத்தனை சட்டை பாழாகியிருக்குமா? மீசையை முறுக்கத் தெரிந்த நமக்கு, எத்தனை ஸ்பூன் என்று கேட்கத்தான் கூச்சம்.

நான் பார்த்தவரை அன்று அந்த ஹாலில் நின்ற இடத்திலேயே தீர்ந்த குறை என்னுடையது ஒன்றுதான். அதற்கு நான் மனுவே கொடுக்கவில்லை.

தள்ளி வைத்த மனுவை அதிகாரி மறுபடி எடுத்தார். “இது எங்கிட்டயே இருக்கட்டும். சட்டைய ஒழுங்கா துவைச்சு, வாசல்ல காயப் போட்டு எடுத்துட்டு வாங்க. அப்பவும் வெள்ளையா இருந்தா நானே வந்து பாக்கறேன்.”

வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் டீச்சர் கேட்டார்: “அப்ப, பின்கட்டுல கதவச் சாத்திக்கிட்டு நீங்க துணிதான் துவைச்சீங்களா?”

“ஆமாங்க டீச்சர்.”

“நான் சிகரெட் குடிக்கிறீங்கன்னு நெனச்சேன் தம்பி. ஆறு மாசமா உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன்.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஒரு ஸ்பூன் தூளை வெந்நீரில் கரைத்து ஊற்றினேன். பாதி டிரம் துணிதான் போட்டேன். இரண்டு தடவை அலசினேன். கதவைத் தாழ் போடவில்லை. சட்டையை முதலில் உள்ளே ஃபேனுக்கு அடியில் காயவைத்துப் பார்த்தேன். திட்டு எதுவும் இல்லை. பிறகு வாசல் கொடியில் நானே கொண்டுபோய்ப் போட்டேன். சாயங்காலம் எடுத்தபோது தோள் இரண்டும் வெள்ளையாக இருந்தன. கேன் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். நுரை வரவில்லை.