பெரிய வீட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடப் பாதை

காரைக்குடியில் எங்கள் தெருவிலிருந்து பெண்கள் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான். ஆனால் குறுக்கே நிற்கிற செட்டியார் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிகிறவை. சுற்றித்தான் போகவேண்டும். சுற்றுகிற மூலையில் ஒரு டீக்கடை, கடை நிறைய வேலைவெட்டி இல்லாத இளவட்டங்கள். ஒன்பதாவது படித்த அக்கா தலையைக் கண்டதும், "டீச்சரம்மா, எங்களுக்கு எப்பப் பாடம்?" என்று ஒரு குரல் வரும். ஒருநாள் ஒருவன் சைக்கிளைக் குறுக்கே விட்டு மறித்தான். அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படித்துக்கொண்டு, அக்காவுக்குக் காவலாகப் போன தங்கை எனக்கு எட்டு வயது. காவலின் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே அப்பா அக்காவின் படிப்பை நிறுத்திவிட்டார்.

அப்பா தச்சுவேலைக்காரர். மறுநாள் எதிர்வீட்டு ஆச்சிக்கு ஜன்னல் சரிபண்ணப் போன இடத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். ஆச்சி என்றதும் கிழவி என்று நினைக்கவேண்டாம். முப்பது வயதுதான், செட்டியார் வீடுகளில் கல்யாணமானாலே ஆச்சி.

"நம்ம வீட்டுப் பின்வாசல் பள்ளிக்கூடத் தெருதானே ஆசாரி? பிள்ளை உள்ளுக்குள்ளேயே நடந்து போகட்டும்."

"ஊரு பேசுமே ஆச்சி."

"ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கதவைத் திறக்கச் சாவி எங்கிட்டத்தான இருக்கு?"

படியேறி வருகிறவர் யாரானாலும் 'வாங்க' என்று சொல்வது அவர்கள் வழக்கம். எனக்கும் தினம் காலையில் ஒரு 'வாங்க' கிடைத்தது. ஒரே வாரத்தில் தெருப் பெண்பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்துகொண்டோம்.

அப்புறம் ஒருநாள் முற்றத்தில் ஈரமாகக் கிடந்த கூழ்வற்றலை நான் மிதித்துத் தொலைத்தேன். அக்கா தொடையில் கிள்ளினாள். "கதவை அடைச்சாகன்னா என் படிப்பு போச்சுடி!" அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

காலையில் கதவு திறந்துதான் இருந்தது. 'வாங்க'வும் குறையவில்லை. வற்றல் துணி ஓரமாக ஒதுங்கி, நடுவில் வழி விட்டிருந்தது. புதிதாக ஒன்று மட்டும்: ஆச்சி கூடவே வந்து, நாங்கள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிறவரை பின்வாசல் படியில் நின்றார். டீக்கடைச் சைக்கிள்கள் அந்த வாரம்தான் பள்ளிக்கூடத் தெருவுக்கு வந்திருந்தன. ஆச்சியைக் கண்டதும் அந்த இளவட்டங்கள் பீடியை மறைத்துக்கொண்டு நகர்ந்ததை நானும் பார்த்தேன். பார்த்து என்ன? வற்றலை மிதித்த கழுதையாயிற்றே, வேறு எதையாவது தூக்கிக்கொண்டு போகிறேனா என்று ஆச்சி வேவு பார்ப்பதாகத்தான் என் புத்திக்குப் பட்டது.

அதனால் அக்கா பதினொன்றாவது முடிக்கிறவரை தினமும் பள்ளிக்கூட வாசலில் திரும்பி நின்று, ஒன்றையும் எடுக்கவில்லை என்று இரண்டு வெறுங்கைகளையும் விரித்துக் காட்டினேன். ஆச்சியும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.