பெயரைப் பார்த்துக் கொடுத்த கணித வகுப்பு

உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் மகளைக் கணிதத்தில் மிக மேலான வகுப்பில் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குக் கணக்கு வராது என்பது எங்கள் வீட்டில் யாரும் மறைத்துவைக்காத விஷயம். நன்றாகப் படம் வரைவாள், வலைப்பந்து விளையாடுவாள், பின்னங்களைக் கண்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

"ஒண்டும் கேக்கேல்லை அம்மா. பேரை வாசிச்சிட்டு அந்த வகுப்புக்குப் போகச் சொல்லிச்சினம்" என்றாள். அவள் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். என் காதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் சிநேகிதியைச் சாதாரண வகுப்பில் போட்டிருப்பதைச் சொன்னாள். சிநேகிதி, நாங்கள் குடியேறிய மனுரேவாப் புறநகரில் எங்கள் தெருவிலேயே இருக்கும், சமோவாத் தீவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். இரண்டு பேரும் முந்தைய பள்ளியிலும் ஒரே வகுப்பு, ஒரே வலைப்பந்து அணி. புதிய பள்ளி வகுப்புப் பிரிப்பதற்காக வைத்த பரீட்சையன்று இரண்டு பேருமே வெளியூரில் போட்டியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆகவே இருவருக்குமே மதிப்பெண் கிடையாது.

"அவள் கணக்கிலை என்னைவிட எவ்வளவோ கெட்டிக்காரி. பிறகேன் அம்மா?"

எனக்கு ஒரு ஊகம் இருந்தது. ஆனால் ஊகத்தைப் பதிலாகச் சொல்ல மனம் வரவில்லை. உண்மையில் எப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கணவரிடம் சொன்னேன்.

"தந்ததை வாங்கிக்கொண்டு படிக்கட்டும்" என்றார் அவர். "நாங்களே போய் எங்கட பிள்ளைக்குக் கணக்குத் தெரியாதெண்டு சொல்லோணுமோ?"

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பெண்மணி, என்னோடு பிரசாதம் பரிமாறுகிறவர், கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பொண்ணு டாப் கிளாஸாமே! டெஸ்ட்கூட இல்லாமயா? நம்ம பசங்கள பாத்தாலே தெரிஞ்சிடும் போல."

நான் சிரித்துவைத்தேன். சாதம் பரிமாறி முடித்துப் பாத்திரங்களைக் கழுவும்போது அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. என் பையனுக்குக் கணக்கு சுத்தமா வரல. தனியா சொல்லிக் கொடுங்கன்னு ஸ்கூல்ல கேட்டேன். அவனால முடியும், சோம்பேறித்தனம் பண்றான்னு சொல்லிட்டாங்க. முடியலன்னா யாருமே நம்ப மாட்டேங்கறாங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அதே யோசனை. கணக்குத் தெரியும் என்று நம்பப்படுவதால் ஒரு பிள்ளைக்கு உதவி கிடைக்காமல் போகும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மகளின் வகுப்பிலும் அதேதான் நடந்தது. அவள் பிழையாகச் செய்தால் ஆசிரியர், "உனக்குத் தெரியும், கவனக் குறைவு" என்று எழுதிவிடுவார். அவள் அதைக் காட்டிப் பொருமினாள். "நான் கவனமாத்தான் செய்தனான் அம்மா. கவனமாச் செய்துதான் பிழைவிட்டனான்." விளங்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தால், அடக்கமான பிள்ளை என்று பாராட்டு வேறு.

பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தில் மாலைகளில் சிநேகிதியை வீட்டுக்கு அழைத்துவர ஆரம்பித்தாள். நான் மருந்துக்கடை வேலை முடிந்து வந்து சமைக்கும் நேரத்தில் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் புத்தகங்களைப் பரப்பியிருப்பார்கள். முதல் நாள் சிநேகிதி, "நான் பார்க்கலாமா?" என்று கேட்டு மேல்வகுப்புக் கணக்குத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்பதேயில்லை, வந்ததும் தாளைத்தான் தேடுவாள். எங்கள் வீட்டு உறைப்புக் கறிக்கு அவள் கண் கலங்கும். ஒரு கையால் தண்ணீரைக் குடித்துக்கொண்டே மறு கையால் எழுதுவாள். "இதைத் தலைகீழாப் பார், இப்ப தெரியுதா?" என்று என் மகளை உலுக்குவாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மேல்வகுப்பில் போய் உட்காருவது ஒருத்தி, அந்த வகுப்பைப் படிப்பது இன்னொருத்தி. ஆனால் போகப் போக என் மகளும் இடையில் புகுந்து, "பொறு, இது எனக்குத் தெரியும்" என்று தாளைப் பறிப்பதைக் கண்டேன்.

குளிர்காலம் தொடங்கிய சமயம், சதுரத்துக்குள் ஒரு பக்கம் புடைத்து மறு பக்கம் குழிந்த இதழ்களைப் போட்டு அவற்றின் பரப்பளவைக் கேட்கும் ஒரு கணக்கு வந்தது. சிநேகிதி சூத்திரம் எதையும் எழுதவில்லை. இதழ்களின் புடைப்புகளைக் கத்தரித்து எடுத்துக் குழிவுகளில் அடுக்கினாள், வளைவுகள் ஒன்றோடொன்று பொருந்தி ஒரு செவ்வகம் வந்துவிட்டது. மகள் அதை அப்படியே வரைந்து எடுத்துப் போனாள். மறுநாள் ஆசிரியர் வகுப்புக்கு முன்னால் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து, இவ்வளவு அழகான விடையைத் தான் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லி, வந்து விளக்கும்படி என் மகளைக் கூப்பிட்டிருக்கிறார்.

அவள் எழுந்து போய் விளக்கினாள். முழுதாக, பிழையில்லாமல். முடித்துவிட்டு, "ஆனா இது நான் கண்டுபிடிச்சதில்லை. என்ரை சிநேகிதி செய்தது. அவள் பக்கத்து வகுப்பிலை இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாளாம்.

இரண்டு குடும்பங்களுக்கும் அழைப்பு வந்தது. கணவர் வர மறுத்துவிட்டார். சிநேகிதியின் அம்மா ஒனிஹங்காப் புறநகரில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருப்பவர். அரைநாள் விடுப்பெடுத்து வந்து என்னையும் தன் காரில் ஏற்றிக்கொண்டார். அதுவரை தெருவில் கையசைத்ததோடு சரி, நாங்கள் உட்கார்ந்து பேசியதில்லை.

கணித ஆசிரியர் இளைஞர். பார்த்தெழுதியதற்காகத் திட்டுவார் என்று நினைத்துப் போனோம், அவரோ எங்களைவிடப் பதற்றமாக இருந்தார். பிள்ளைகள் சேர்ந்து படிப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். அப்போது என் கேள்வியைக் கேட்டேன்.

"மதிப்பெண் இல்லாத இரண்டு பேரை எப்படிப் பிரித்தீர்கள்? குறை சொல்ல வரவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறேன்."

"மேல்வகுப்பில் ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது. பெயர்களைப் பார்த்தேன்" என்றார் அவர்.

சிநேகிதியின் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கோபப்படவில்லை. மெதுவாக, ஒரு விலாசத்தைச் சரிபார்ப்பது போலக் கேட்டார். "என் மகளின் பெயரில் என்ன பார்த்தீர்கள்?"

ஆசிரியரின் முகம் சிவந்துவிட்டது. "தெரியவில்லை. அதைத்தான் இந்த வாரம் முழுக்க நானும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார். நழுவாமல் சொன்னாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்தத் தாய்க்கு அது ஆறுதலாக இருந்திருக்குமா என்பது வேறு விஷயம். ஒருவருக்கும் சலுகை வேண்டாம், இரண்டு பேருக்கும் அந்தப் பரீட்சையை இப்போது வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

வெளியே வந்தபோது மழை கொட்டியது. காருக்குள் ஏறிய பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. "ஒன்று கேட்டால் கோபிக்க மாட்டாயே?" என்றார். "உங்கள் ஆட்கள் மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை அடிப்பீர்களாமே, உண்மையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சில வீடுகளில் அடிப்பதுண்டு, எங்கள் வீட்டில் இல்லை, என் கணவர் பேசாமல் இருந்தே ஆளைக் கொன்றுவிடுவார் என்றேன். பிறகு நானும் துணிந்து கேட்டேன். "உங்கள் வீடுகளில் தேவாலயம்தான் முதல், பள்ளிக்கூடம் அப்புறம் என்பார்களே?"

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என் அப்பா எங்களை வரிசையாக நிறுத்தி வாய்ப்பாடு சொல்ல வைப்பார். சொல்லி முடித்தால்தான் சாப்பாடு" என்றார் அவர். "என் மகளைப் பார்ப்பவர்கள் எல்லாம் நன்றாகப் பாடுவாளா என்று கேட்கிறார்கள். அவள் பாடினால் எங்கள் நாய் எழுந்து போய்விடும்."

கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியாமல் போகும்வரை மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தோம். அத்தனை வருடம் பக்கத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஏன் கேட்காமல் இருந்தோம் என்று தெரியவில்லை.

பரீட்சையில் சிநேகிதி அந்த மேல்வகுப்பில் இருந்த எல்லோரையும்விட அதிகம் எடுத்தாள். அடுத்த வாரமே மாற்றிவிட்டார்கள். என் மகள் எல்லைக்கோட்டைத் தொட்டும் தொடாமலும் தேறியிருந்தாள், அவள் அங்கேயே இருக்கலாம் என்றார்கள். அவள் நம்பவில்லை. "சும்மா சொல்லினமோ தெரியாது" என்று விடைத்தாளைக் கேட்டு வாங்கி, தானே ஒவ்வொரு கேள்வியாகத் திருத்திப் பார்த்தாள். மதிப்பெண் சரியாகத்தான் இருந்தது.

இங்கேதான் எனக்கு விளங்காத இடம். கணக்கே வராது என்று நாங்கள் எல்லோரும் முடிவுகட்டி வைத்திருந்த பிள்ளை தேறியது எப்படி? முன்பின் தெரியாத ஒருவர் தவறாக நம்பியதாலா? மேசையில் எதிரே உட்கார்ந்தவள் விடாமல் சொல்லிக்கொடுத்ததாலா? இல்லை, முன்பும் அவளுக்கு வந்திருக்கும், நாங்கள்தான் கவனிக்கவில்லையா? கணவரைக் கேட்டால், "எங்கட பிள்ளைதானே" என்றார். அதுதான் கேள்வியே என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்த மேசை இல்லாமல், சாதாரண வகுப்போடு மட்டும் சிநேகிதி ஆண்டு முழுவதும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் நினைத்துப் பார்ப்பேன். நினைக்க நன்றாக இல்லை.

மதுரைக்கார அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மறுபடி மகனின் பள்ளிக்குப் போய், பேச்சு வேண்டாம், சோதித்துப் பாருங்கள் என்று பிடிவாதமாக நின்றிருக்கிறார். எண்களைப் படிப்பதிலேயே அவனுக்கு ஒரு சிக்கல் இருப்பது தெரிந்து, இப்போது தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். "சோம்பேறி இல்லன்னு எழுத்துல வாங்கிட்டேன்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இரண்டு பெண்களும் இப்போது பள்ளியின் கடைசி வருடத்தில் இருக்கிறார்கள். மகள் இந்த ஆண்டு கணிதத்தை விட்டுவிட்டு வடிவமைப்பு எடுத்தாள். கணவர் சில நாள் வாயைத் திறக்கவில்லை. சிநேகிதி பொறியியலுக்குத்தான் போவாள் என்று எல்லா ஆசிரியர்களும் நம்பியிருக்க, அவள் பிரசவம் பார்க்கும் தாதியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் வைத்து என் கணவர் அவளிடம் மனம் பொறுக்காமல் கேட்டார்.

"ஏன் பிள்ளை, இவ்வளவு கணக்குத் தெரிஞ்சுகொண்டு?"

மகள் அதை மொழிபெயர்த்தாள். சிநேகிதி சோற்றைப் பிசைந்துகொண்டே, "கணக்கு எங்கும் ஓடிவிடாது அங்கிள். குழந்தைகள்தான் காத்திருக்க மாட்டார்கள்" என்றாள். கணவர் என்னைப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் கறி போடு என்று அவள் தட்டைக் காட்டினார்.